ஒண்ணுமில்லாத இடத்துல ஒரு ஸ்டிக்கர்

உக்காருங்கக்கா, இடம் இருக்கு. இது மட்டும் என் மடியிலயே இருக்கட்டும். கீழ வைக்க முடியாது, கண்ணாடி. மேல கம்பியில வெச்சா தொப்பூர் கணவாய்ல பஸ் திரும்புற திருப்புல விழுந்துடும். இடிச்சா சொல்லுங்க, தள்ளிப் புடிச்சுக்கிறேன்.

படம்தான். எங்கம்மா படம். பெருசு பண்ணி ஃபிரேம் போட்டு எடுத்துட்டுப் போறேன். நாளைக்குக் காரியம்.

ஐயோ பாவம்னு சொல்லாதீங்கக்கா. எல்லாரும் அதையே சொல்றாங்க.

படிக்கல. பதினொண்ணாவதுல நின்னுட்டேன். அம்மாவுக்கு ஆபரேஷன், அதனால புள்ள படிப்பு போச்சுன்னு எங்க மாமா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காரு. பொய். எனக்குப் படிக்கப் பிடிக்கல, ஆபரேஷன் ஒரு சாக்காக் கிடைச்சுது. அவ்வளவுதான். இப்ப டவுன்ல ஜாபர் அண்ணன் ஸ்டிக்கர் கடையில வேலை. வண்டி நம்பர் பிளேட்டு, லாரி கண்ணாடியில சாமி பேரு, ஆட்டோ பின்னாடி புள்ளைங்க பேரு, எல்லாம் நான்தான் வெட்டுறேன். போன மாசம் பதினெட்டு முடிஞ்சுது.

அம்மாவுக்கு மார்புல கட்டி. வலது பக்கம். எடுத்துட்டாங்க. நான் நேராச் சொல்லிடுவேன். எங்க மாமாவுக்கு அந்த வார்த்தை வாயில வராது. ‘நெஞ்சுல கோளாறு, நெஞ்சுல கோளாறு’ன்னு சொல்லிச் சொல்லி, பாதிப் பேரு ஹார்ட் அட்டாக்குன்னு நெனச்சுக்கிட்டுதான் பாக்க வந்தாங்க. ஒருத்தர் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைச்சுக்கம்மான்னு புத்தி சொல்லிட்டு, நாங்க குடுத்த வடையையும் தின்னுட்டுப் போனாரு.

ஆஸ்பத்திரியில பஞ்சு வெச்ச ஒண்ணு குடுத்தாங்க, ஜாக்கெட்டுக்குள்ள வைக்கறதுக்கு. அதுல கனமே இல்ல. நடந்தா ஏறி ஏறித் தோள்கிட்ட வந்துடும். அதனால நானே தைச்சேன். பழைய உள்பாவாடைத் துணியில பை மாதிரி. உள்ள முதல்ல கடுகு போட்டுப் பாத்தேன். அது வழுக்கிட்டு ஒரே மூலைக்கு ஓடுது. கேழ்வரகுதான் சரியா வந்துச்சு. அமுக்குனா அமுங்கும், கனமும் இருக்கும். அம்மாவைக் கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு, ஒரு புடி போடுறது, கொஞ்சம் எடுக்கறது, ரெண்டு பக்கமும் சமமா வர்ற வரைக்கும் நான் விடல. ‘கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு பாக்க மாட்டாங்க கண்ணு’ன்னுச்சு அம்மா.

ஒரு தடவை வெயில் காலத்துல வேர்வையில ஊறிப் போய் முளை விட்டுடுச்சுக்கா. துணியைப் பிரிச்சா உள்ள வெள்ளை வெள்ளையா. அம்மா அதை உள்ளங்கையில வெச்சுப் பாத்துப் பாத்துச் சிரிச்சுச்சு. எனக்கு ஒண்ணும் சிரிப்பு வரல. புடுங்கிக் கொட்டிட்டு வேற போட்டுக் குடுத்தேன்.

கழட்டிக் கழட்டி வெச்சுடும். உறுத்துது கண்ணு, வெக்கையா இருக்கு கண்ணுன்னும். நான் விட மாட்டேன். வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா ஓடிப் போய் எடுத்துக் குடுப்பேன். அம்மாவை யாரும் ஒரு மாதிரி பாத்துடக் கூடாதுல்ல. ஸ்கூல்ல டி.சி. வாங்கப் போறப்பகூட, நீ வர வேணாம்மா, மாமா வரட்டும்னுட்டேன். எங்க கிளாஸ் புள்ளைங்க ஒரு மாதிரிப் பாக்கும். அம்மா மனசு கஷ்டப்படும். நல்ல புடவை கட்டிக் கிளம்பி உக்காந்திருந்துச்சு. சரி கண்ணுன்னு சொல்லி, புடவையை மாத்திக்கிட்டு வேலைக்குப் போயிடுச்சு. என்னை மாதிரி அதைப் பாத்துக்க ஆளே கிடையாதுன்னு எங்க தெருவே சொல்லும். வேணும்னா கேட்டுப் பாருங்க.

வேலை சேகோ ஆலையில. மரவள்ளிக்கிழங்கு அரைச்சு ஜவ்வரிசி பண்ணுவாங்கல்ல, அங்க. அந்த ஆலைக் களத்துலதான் அந்தப் படத்தை எடுத்தாங்க.

அதைச் சொல்லலைல்ல. இருங்க. எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது, ஆனா வரிசையா பேசவும் வராது.

ரெஜினா மேடம்னு ஒருத்தங்க, சென்னைக்காரங்க, கேமராக்காரங்க. ஆஸ்பத்திரியில அம்மாவைப் பாத்திருக்காங்க. உடம்புல தழும்பு இருக்கறவங்களை ஊர் ஊராப் போய்ப் படம் எடுத்து ஒரு புத்தகம் போட்டாங்க. ‘ஆறிய இடங்கள்’னு பேரு. தீயில வெந்தவங்க, மெஷின்ல விரல் போனவங்க, லாரி ஏறுன காலு. நடுவுல ஒரு பக்கம் பூரா எங்கம்மா.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலக்கா. எல்லாம் முடிஞ்சு, புத்தகம் வரப் போகுதுன்னப்பதான் சொல்லுச்சு. நான் கத்துனேன். ஏம்மா இப்படிப் பண்ணுனன்னு கேட்டேன். ‘அந்தம்மா என்கிட்ட, உங்களுக்கு எப்படி உக்காரணும், எதைக் காட்டணும், நீங்களே சொல்லுங்கன்னு கேட்டாங்க கண்ணு. என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்ல’ன்னுச்சு.

அந்தப் படம் எப்படி இருக்கும்னா, பின்னாடி களம் முழுக்க ஜவ்வரிசி காயுது. வெள்ளையா. அம்மா ஒரு பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்திருக்கு. முந்தானை இடது பக்கம் நல்லா இழுத்து மூடியிருக்கு. வலது பக்கம் மூடல. அங்க தழும்பு மட்டும்தான், கோணலா, தையல் போட்ட சாக்கு மாதிரி. மடியில கை. அந்தக் கையில என்ன இருக்கு தெரியுமா? நான் தைச்ச பை. உள்ளங்கையில வெச்சுக்கிட்டு, கேமராவை நேராப் பாக்குது. வாய்ல லேசா ஒரு சிரிப்பு.

கோவமெல்லாம் பின்னால கடையில அதைப் பாத்ததும் போயிடுச்சுக்கா. எம்பொண்ணு தைச்சதுன்னு ஊருக்கே காட்டிருக்கு பாருங்க.

புத்தகம் வர்றதுக்குள்ள நோய் திரும்ப வந்துடுச்சு. இந்த வாட்டி கல்லீரல்ல. டாக்டர் என்னை வெளிய கூப்பிட்டு, என்ன ஆசைப்படுறாங்களோ செஞ்சு குடும்மான்னாரு. போய் அம்மாகிட்ட அப்படியே கேட்டேன். என்னம்மா ஆசைன்னு. வேற எப்படிக் கேக்கறது? அம்மா யோசிக்கவே இல்ல. ‘புத்தகம் கடைக்கு வந்தா ஒரு தடவை போய்ப் பாக்கணும். கடையில, மத்த புத்தகத்தோட இருக்கறதைப் பாக்கணும்.’

மேடம் போனுக்கு அனுப்புறேன்னாங்க, வீட்டுக்கே ஒண்ணு அனுப்புறேன்னும் சொன்னாங்க. அம்மா வேணாம்னுடுச்சு. நானே போய்ப் பாக்கறேன்னுச்சு.

டவுன்ல புத்தகக் கடைன்னா சந்தானம் சார் கடைதான். எங்க ஸ்டிக்கர் கடைக்கு ரெண்டு கடை தள்ளி. கைடு, நோட்டு, ஜோசியப் புத்தகம், அதுக்கு நடுவுல ஒரு அலமாரி மட்டும் அவரு ஆசைக்கு வாங்கி வைக்கறது. புத்தகக் கட்டு வந்ததும் அந்த அலமாரியில நிமித்தி வெச்சாரு. அன்னைக்கு அம்மாவுக்கு ஜுரம். ஜுரம் விடட்டும், அடுத்த வாரம் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன்.

அந்த அடுத்த வாரத்துக்குள்ள எவனோ ஒருத்தன் கடைக்குள்ள நின்னு அந்தப் பக்கத்தைப் போன்ல புடிச்சு வாட்ஸப்ல போட்டுட்டான். ‘நம்ம ஊரு புத்தகக் கடையில என்ன விக்கிறாங்க பாருங்க’ன்னு. சாயந்திரமே கடை முன்னாடி கூட்டம். தங்கவேலுன்னு ஒருத்தர், பண்பாட்டுக் காப்புக் குழுவாம், அவருதான் தலைவர். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, பொம்பளைங்க மானம், புள்ளைங்க படிக்க வர்ற இடம்னு ஒரே சத்தம். எங்க கடையிலயேதான் அவரு வண்டிக்குச் சிங்கம் ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போனாரு. நான்தான் ஒட்டுனேன். ‘அண்ணே, உள்ள புத்தகத்தைப் பாத்தீங்களா’ன்னு கேட்டேன். ‘அதையெல்லாம் எவம்மா பாப்பான்’னாரு.

போலீஸ் வந்து கட்டைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் தாலுகா ஆபீஸ்ல அமைதிப் பேச்சுவார்த்தைன்னு கூப்பிட்டாங்க. சந்தானம் சார் பயந்த சுபாவம். பாப்பா, நான் எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடுறேன், எனக்குக் கடை நடக்கணும்னாரு. அதெல்லாம் முடியாது சார், எங்கம்மா இன்னும் பாக்கலன்னு சொல்லி நானும் கூடவே போயிட்டேன்.

பெரிய மேசை. அந்தப் பக்கம் தங்கவேலு ஆளுங்க, இந்தப் பக்கம் நானும் சாரும். நடுவுல தாசில்தார். எல்லாருக்கும் டீ குடுத்தாங்க, எனக்கு மட்டும் குடுக்கல, யாரோட புள்ளையோ தவறி உள்ள வந்துட்டதா நெனச்சிருப்பாங்க. தங்கவேலு போனை எடுத்து மேசைமேல வெச்சாரு. தாசில்தார் ஓரக்கண்ணால பாத்துட்டு உடனே போனைக் கவுத்து வெச்சுட்டாரு.

‘சார், அது எங்கம்மா’ன்னேன்.

தங்கவேலு போனை எடுத்துப் பையில போட்டுக்கிட்டாரு. தாசில்தார்தான், ‘உனக்குச் சங்கடமா இல்லையாம்மா’ன்னு கேட்டாரு. கெட்டவரு இல்ல, மெதுவாத்தான் கேட்டாரு.

‘எங்கம்மாவுக்கு உடம்பு முடியல சார். புத்தகம் கடையில இருக்கணும். வந்து பாக்கணும்ங்குது.’

தங்கவேலு தொண்டையைக் கனைச்சுக்கிட்டாரு. ‘புத்தகம் இருக்கட்டும்ங்க. நாங்க ஒண்ணும் விரோதிங்க இல்ல. அந்த இடத்தை மட்டும் மறைச்சுட்டா எங்களுக்குப் போதும்.’

‘எந்த இடத்தைண்ணே?’

‘அதாம்மா. அந்த இடம்.’

‘அங்கதான் ஒண்ணுமே இல்லையே. எடுத்துட்டாங்க. இருக்கற பக்கம் முந்தானை போட்டு மூடியிருக்கு. இல்லாத பக்கத்துல எதை மறைக்கணும்?’

அவரு கூட வந்த ஒருத்தன் போனை எடுத்துப் பாக்கப் போனான். இன்னொருத்தன் தட்டிவிட்டான். தலையை நிமித்துறவங்களே இல்ல. எழுதிட்டிருந்த கிளார்க்கு மட்டும் பேனாவைத் தூக்கிட்டு, ‘சார், எந்த இடம்னு எழுதறது’ன்னு கேட்டாரு. தாசில்தார் ஃபேனைப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம், ‘இருந்த இடம்னு எழுதிக்குங்க’ன்னாரு.

அப்படியே எழுதுனாங்கக்கா. மார்பகம் இருந்த இடத்தைக் கறுப்பு ஸ்டிக்கரால் மறைத்து விற்பதென இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. சார் கையெழுத்து, தங்கவேலு கையெழுத்து.

ஸ்டிக்கருக்கு யாரு பொறுப்புன்னு கேட்டாங்க. நான் வெட்டித் தர்றேன்னேன்.

என்னக்கா அப்படிப் பாக்கறீங்க? வேற எவன்கிட்டயாவது குடுத்தா கண்டபடி வெட்டுவான், அம்மா மூஞ்சி பாதி போயிடும். நான் அளவெடுத்து வெட்டுனேன். தழும்பு மட்டும் மறையுற மாதிரி, ஓரமெல்லாம் உருட்டி. கையும் பையும் தெரியணும்னு கணக்குப் பண்ணி வெட்டுனேன். நம்பர் பிளேட்டுக்குப் போடுற வினைல், கடையிலயே நல்ல சரக்கு. வெயிலு, மழை, பெட்ரோலு, எதுக்கும் அசையாது. போலீஸ் கட்டைத் திருப்பிக் கடைக்குக் கொண்டாந்ததும், இன்ஸ்பெக்டர் பக்கத்துல நிக்க, ஒவ்வொண்ணா நான்தான் ஒட்டுனேன். ஒரு கொப்புளம்கூட இல்லாம ஒட்டுனேன். ‘நல்ல கை’ன்னாரு இன்ஸ்பெக்டர்.

அம்மாகிட்ட ஸ்டிக்கரைப் பத்திச் சொல்லல. ஒட்டிட்டு வந்த அன்னைக்கு, ‘பிரச்னை தீந்துடுச்சாமே’ன்னு கேட்டுச்சு. தீந்துடுச்சும்மான்னேன். என் கன்னத்தைத் தடவுச்சு. கை எலும்பா இருந்துச்சு.

அடுத்த நாள் ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். பையைக் கட்டிவிட்டேன், வேணாம் கண்ணுன்னுச்சு, கேக்கல. டவுனுக்குப் போறப்ப அப்படியே போக முடியுமா. எவ்வளவு இளைச்சுடுச்சுன்னா, கேழ்வரகைப் பாதி குறைக்க வேண்டியதாப் போச்சு.

சந்தானம் சார் வாசல்லயே நாற்காலி போட்டு வெச்சிருந்தாரு. அம்மா உக்காரல. அலமாரியைப் புடிச்சுக்கிட்டே நடந்து, அதுவே கண்டுபுடிச்சுச்சு. எடுத்து மொதல்ல மோந்து பாத்துச்சு. ஒவ்வொரு பக்கமாத் திருப்பி, தீயில வெந்த அக்கா, லாரிக்காலு அண்ணன், எல்லாரையும் நின்னு பாத்துச்சு. விசேஷ வீட்டுல வரிசையா எல்லாரையும் விசாரிக்கற மாதிரி. அப்புறம் அம்மாவோட பக்கம் வந்துச்சு.

‘இது என்ன கண்ணு, கறுப்பா?’

நான் சாரைப் பாத்தேன். சார் கல்லாவைப் பாத்தாரு.

விரலால தடவிப் பாத்துச்சு. ஓரத்தை நகத்தால சுரண்டிப் பாத்துச்சு. வரல. நான் ஒட்டுனது எப்படி வரும்?

‘ஒட்டுனதுதாம்மா. எடுத்துடலாம். இரு’ன்னு சொல்லிட்டு எங்க கடைக்கு ஓடுனேன். ஹீட் கன் எடுத்துட்டு வந்தேன். சூடு காட்டி உரிச்சா தகரத்துல ஒரு கறை இல்லாம வந்துடும்க்கா, ஆயிரம் வண்டிக்கு உரிச்சிருக்கேன். சார் கையைப் புடிச்சாரு, பாப்பா வேணாம், எழுதிக் குடுத்திருக்கோம்னாரு. விடுங்க சார், ஒண்ணே ஒண்ணுன்னேன். மேசைமேல வெச்சு, சூடு காட்டி, மூலையைத் தூக்கி, மெதுவா இழுத்தேன். வந்துச்சு. வழவழன்னு வந்துச்சு. எனக்கு ஒரே சந்தோசம்.

காகிதமும் சேந்து வந்துடுச்சுக்கா.

தகரம்னு நெனச்சுட்டேன். காகிதத்துல நான் என்னைக்கு ஒட்டியிருக்கேன்? தழும்பு பூரா ஸ்டிக்கருக்குப் பின்னாடி ஒட்டிட்டு வந்துடுச்சு. புத்தகத்துல வெறும் வெள்ளை. நான் வெட்டுன அளவுக்கு, ஓரமெல்லாம் உருட்டி, வெள்ளையா ஒரு குழி. பின்னாடி காயுற ஜவ்வரிசி மாதிரியே வெள்ளை.

அம்மா குனிஞ்சு பாத்துச்சு.

‘இங்கயும் எடுத்துட்டாங்களா’ன்னுச்சு.

சார் வெளிய போயிட்டாரு. அம்மா சிரிச்சுச்சு. நெசமாச் சிரிச்சுச்சுக்கா. சிரிச்சதுல இருமல் வந்து, நான் தண்ணி குடுத்து, அப்புறம்தான் உக்காந்துச்சு. புத்தகத்தை மடியில வெச்சுக்கிட்டு, அந்த வெள்ளையில விரலை வெச்சுத் தடவுச்சு. ‘வலிக்கல’ன்னுச்சு. அப்புறம், ‘இதை அப்படியே அலமாரியில வைக்கச் சொல்லேன்’னு கேட்டுச்சு. நான் முடியாதுன்னுட்டேன். கிழிஞ்ச புத்தகத்தை யாரும்மா வைப்பாங்கன்னேன். சரி கண்ணுன்னு அதையும் சொல்லுச்சு. சார் அதை அம்மாவுக்கே குடுத்துட்டாரு.

அப்புறம் கடைக்கு வரல. எங்கயும் வரல. படுத்த இடத்துலயே அந்தப் பக்கத்தைத் திறந்து வெச்சுக்கும். யாராச்சும் வந்தா நான் மூடி வெச்சுடுவேன். போனப்புறம் திரும்பத் திறந்துக்கும். மாமா ஒரு நாள் வந்தாரு. நான் மூடறதுக்குள்ள பாத்துட்டாரு. அம்மா கால்மாட்டுல உக்காந்துட்டாரு. கிளம்பறப்பதான், ‘நல்லாத்தான் இருக்க புள்ள’ன்னாரு. அவரா இப்படின்னு எனக்கு ஆச்சரியம்.

கடைசி நாள் நெனவு வந்து வந்து போச்சு. நான் பையைக் கட்டிவிடப் போனேன், ஜனங்க வருவாங்களேன்னு. அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டுச்சு. தலையை ஆட்டுச்சு. பேச வரல அப்ப. என்ன சொல்ல வந்துச்சுன்னு தெரியல. எனக்கு நன்றி சொல்ல வந்துச்சுன்னு நெனக்கறேன்.

குளிப்பாட்டி புதுப் புடவை சுத்துனப்ப நானே வெச்சுவிட்டேன். புதுக் கேழ்வரகு போட்டு. அதோடதான் புதைச்சோம். மழை வந்தா அது முளைக்குமாக்கா?

சும்மா கேட்டேன்.

புத்தகம் இந்தத் தோள்பையிலதான் இருக்கு. காட்ட மாட்டேன், கேக்காதீங்க. பஸ்ஸுல எல்லாரும் பாப்பாங்க. ஸ்டூடியோக்காரர் அதுலேர்ந்துதான் மூஞ்சியை எடுத்தாரு. அம்மாவோட வேற நல்ல படமே இல்ல, ஆதார் கார்டுல பேய் மாதிரி இருக்கும். கழுத்துக்குக் கீழ வேற போட்டுக்கலாம்னாரு. கம்ப்யூட்டர்ல நிறைய உடம்பு வெச்சிருக்காரு. நான்தான் பொறுக்கி எடுத்தேன். அரக்குக் கலர் பட்டு, கழுத்துல ஆரம். அம்மா அப்படி ஒரு புடவை கட்டுனதே இல்ல.

கை மட்டும் வேணும்ணேன்னேன். மடியில இருக்குமே, அந்தக் கை. பட்டுப் புடவைக்கு அந்தக் கை ஒட்டலம்மான்னுட்டாரு. கிழங்கு சீவிச் சீவி நகமெல்லாம் கறுத்திருக்கும்ல. சரின்னுட்டேன்.

வாங்குனப்ப யாரோ மாதிரி இருந்துச்சு. இது யாருண்ணேன்னு கேட்டுட்டேன். முதல்ல அப்படித்தாம்மா இருக்கும், மாலை போட்டு விளக்கு ஏத்துனா உங்கம்மா ஆயிடும்னாரு. பாக்கணும்.

இருங்க, கணவாய் வந்துடுச்சு, லாரி நிக்குது போல. பஸ் நின்னாத்தான் பிரிக்க முடியும். இந்த ஓரத்தைப் புடிங்க. நியூஸ்பேப்பர் கிழியாம.

பாத்தீங்களா. தோளு ரெண்டும் எவ்வளவு சமமா வந்திருக்கு பாருங்க. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். நான் ஸ்டூடியோ அண்ணன் பக்கத்துலயே உக்காந்து, கொஞ்சம் ஏத்துங்க, கொஞ்சம் இறக்குங்கன்னு சொல்லிச் சொல்லிப் பண்ணது.

உத்துப் பாருங்கக்கா. ஏதாச்சும் தெரியுதா?

தெரியலல்ல.